பூஜ்ஜியத்தில் வைத்த குலவை

அந்த இயந்திரத்துக்கு ஒரு சுரம் என்றால் நான்கு எண்கள். எந்த வாய், எவ்வளவு சத்தம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம். இந்த நான்கையும் வரிசையாக அடித்துக்கொண்டே போனால் பாட்டு. அதைக் கேசட்டில் ஏற்றி வைத்தால் கோப்பு. கோப்பில் ஒலி இருக்காது. இப்படி ஒலி என்கிற உத்தரவு மட்டும் இருக்கும், கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் சாமான் சீட்டில் சாம்பார் மணக்காத மாதிரி. மணம் முழுவதும் உள்ளே பச்சைப் பலகையில் குந்தியிருந்த ‘சிப்’ என்கிற ஒரு கறுப்புச் சில்லில் இருந்தது. அந்தச் சில்லுக்குப் பாடும் வாய் மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றுக்கு எண். நான்காவதாக ஒரு வாய் உண்டு, அதன் எண் பூஜ்ஜியம். அது பாடாது, இரையும். விளையாட்டுகளில் குண்டு வெடிக்க, ரயில் ஓட, மழை கொட்ட என்று செய்து வைத்த இரைச்சல் வாய்.

எண்பதுகளின் கடைசி. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். அதில் நான் புதிதாகச் சேர்ந்த அறிவியல் வாத்தியார். அரசாங்கத் திட்டத்தில் எங்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. வரைபடங்கள் சுருண்டு கிடந்த அறையை ஒழித்து, கரிசல் புழுதி நுழையாமல் ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாள் ஒட்டி, உள்ளே வைத்தோம். செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்ததில் சில எழுத்துகள் அமுக்கினால் எழும்பாமல் போயின. தலைமையாசிரியருக்கு வேறு கவலை.

“வாங்கிப் பூட்டி வச்சிருக்கோம்னு டீக்கடையில பேசுறாங்க சார். ஆண்டு விழாவுக்கு அத எதையாச்சும் பண்ண வைங்க. ஆடச் சொல்லுவீகளோ, பாடச் சொல்லுவீகளோ, உங்க பாடு.”

பாடச் சொல்லலாம் என்றேன். சினிமாப் பாட்டு வேண்டாம், இந்த ஊர் முளைப்பாரிப் பாட்டு என்றேன். பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மியடித்துப் பாடுவதும், இடையிடையே குலவை எழும்புவதும், அந்த அந்நியப் பெட்டிக்குள்ளிருந்து வரப்போகிறது. சொன்ன நிமிஷமே என் யோசனையின் மேல் எனக்கு மயக்கம் வந்துவிட்டது.

பாட நான்கு பேர் கிடைத்தார்கள். நான் குடியிருந்த மாடி அறையின் வீட்டுக்காரம்மா ஒருவர். கீழே மளிகைக்கடை அவர்களுடையது. மத்தியானச் சோறு எனக்கு அவர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும். இரண்டாவது அவருடைய நாத்தனார். மூன்றாவது பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி. நான்காவது, எங்கள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைக்கும் அக்கா. அவர் ஆட்கள் தலைமுறையாகப் பிறர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அக்காவின் கணவர் இப்போது பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் படித்துக்கொண்டிருந்த மகளை அந்த ஊரிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

அக்கா குலவையில் பேர் வாங்கியவர். அவர் தெருப் பாரி கண்மாய்க்குக் கிளம்பும்போது முதல் குலவை அவருடையது. அது எழும்பிய பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். கடைவீதியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பவர்கள்கூடத் தலை நிமிர்ந்து, “பாரி எந்திரிச்சிருச்சு” என்பார்கள். மளிகைக்கடைத் தெருப் பாரி வேறு நாள், அக்கா தெருப் பாரி வேறு நாள். நான்கு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நின்று பாடியது எங்கள் கம்ப்யூட்டர் அறையில்தான். சரியாகச் சொன்னால், நின்றது ஒருவர். மற்ற மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கதவோரம்.

“உக்காருங்கக்கா.”

“இருக்கட்டும் சார். உக்காந்தா கொலவ வயித்துலயே நின்னுக்கிரும்.”

“ஏ பிள்ள, உனக்கு மட்டும் கொலவ வயித்துலருந்தா வருது?” என்றார் வீட்டுக்காரம்மா.

“ஆமாம்மா. அங்க வேற ஒண்ணும் இல்லையே, அதான் அது இருந்துக்கிருது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாட்டு வரிகளை மூவரும் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பாடினார்கள். நான் ஒவ்வொரு சுரமாகத் தேடி எண்ணை அடித்தேன். அரைச் சுரத்துக்கு நடுவிலும் எண்கள் இருந்ததால், குரல் வளைந்து இறங்கும் இடங்களைக்கூடப் பொடிப்பொடியாகப் பிடிக்க முடிந்தது. குலவையை மட்டும் அக்கா ஒரே தடவைதான் போட்டார், அதுவும் கிழக்குப் பார்த்துத் திரும்பி நின்று.

“இன்னொரு தடவை, அக்கா.”

“அய்யய்ய, ஆகாது சார். நல்ல காரியமில்லாமச் சும்மா போடக் கூடாது. ஒங்க மிசினு மொதப் பாட்டுப் படிக்கப் போகுதேன்னு போட்டேன். அம்புட்டுத்தேன்.”

அந்த ஒரு குலவை. மெல்லிய கம்பியாகத் தொடங்கி, நாக்கு பக்கவாட்டில் அலைய அலைய அகலமாகி, கண்மாய் நிறைந்த வருஷத்தில் தண்ணீர் மேல் வெயில் விழுந்து நொறுங்குகிற மாதிரி அறை முழுக்க நொறுங்கியது. ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாள் அதிர்ந்தது. என் பிடரி சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்குமுன் நான் திரும்பி, இதற்கு எந்த எண் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று வாய்க்கு மூன்று பேர் சரியாகப் போய்விட்டார்கள் என்று பார்த்தால் தோன்றும். உண்மையில் நாத்தனார் தனியாக எதுவும் பாடவில்லை. வீட்டுக்காரம்மாவின் குரலைத் தொட்டுக்கொண்டே, அதே சுரங்களில், அவர் பின்னாலேயே போனார். அவர்கள் இருவருக்கும் ஒரு வாய் போதும். மிஞ்சும் வாயைக் குலவைக்குக் கொடுத்து, உயரத்தை மேலும் கீழும் வேகமாக ஆட்டியிருந்தால் குலவையின் சாயலாவது வந்திருக்கும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. “எங்க நாத்தனாவ மட்டும் விட்டுறாதீக தம்பி. அப்பறம் என்னயப் பேசியே கொன்னுருவா” என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். குலவையை நான் பூஜ்ஜியத்தில் வைத்தேன். காரணமும் தயாராக இருந்தது: குலவையில் சுரம் கிடையாது, சுரமில்லாதது இரைச்சல், இரைச்சலுக்கு இயந்திரத்தில் தனி இடமே இருக்கிறது. நல்ல பாடப்புத்தகக் காரணம். வீட்டுக்காரம்மா அப்படிக் குலவை போடுகிறவராக இருந்திருந்தால் அவரைப் பூஜ்ஜியத்தில் வைத்திருப்பேனா என்கிற கேள்வி அன்று பக்கத்தில்கூட வரவில்லை. வந்திருந்தால் தடுமாறியிருப்பேன், தடுமாறினானே என்றாவது மன்னிக்கலாம். நான் தடுமாறவே இல்லை. விரல்கள் தாமாகப் போய்ப் பூஜ்ஜியத்தை அழுத்தின.

அக்கா கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். விழா அன்றைக்கே எல்லோரோடும் சேர்ந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டு விழாச் சாயங்காலம் மைதானத்து வேப்பமரத்தில் ரேடியோக் குழாய் கட்டியிருந்தது. பாட்டை இயந்திரத்துக்குள் ஏற்ற முதலில் கேசட்டை ஓட விட வேண்டும். மைக்செட்காரர் கேசட்டைக் கண்டதும் தன் சரக்கு என்று நினைத்து, என்னைக் கேட்காமல் தன் பெட்டியில் போட்டுச் சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டார். மனுஷக் காதுக்காகச் செய்யப்படாத அந்த உத்தரவுகள் மைதானம் முழுக்கக் கீச்சிட்டன. பள்ளிக்கூட வேலியோரம் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின.

“ஏலே, கம்ப்யூட்டர உயிரோட அறுக்குறாங்களா?”

“பாடுதுலே, கேளு. அவுக ஊரு ஒப்பாரி.”

ஓடிப் போய்ப் பிடுங்கி வந்து, முறையாக ஏற்றி, இயந்திரத்தில் சத்தம் வரும் ஓட்டைகளுக்கு நேராக மைக்கைச் சாய்த்து வைத்தேன். அதற்குள் கூட்டம் சிரிப்புக்குப் பழகியிருந்தது. முழுப் பாட்டையும் நேராகப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் கேட்க வைத்து, இன்னாருடையது என்று அறிவித்து, அப்புறம் சேர்த்துக் காட்டலாம் என்பது என் ஏற்பாடு. ஊர் வாய் பிளக்கும் என்று நினைத்தேன்.

மளிகைக்கடை அம்மா என்று தலைமையாசிரியர் அறிவித்ததும், பொம்மைக் குழல் மாதிரி ஒரு குரல் முளைப்பாரி மெட்டை இழுத்தது. கைதட்டல். தையல்காரர் மனைவிக்குக் கைதட்டல். நாத்தனாருக்கு அவர் வீட்டு ஆட்கள் விசிலே அடித்தார்கள். “நான்காவது, நம் பள்ளிக்கூடத்தில் பணிபுரியும் அம்மா போட்ட குலவை.”

ஷ்ஷ்ஷ்ஷ். நின்றது. மறுபடி ஷ்ஷ்ஷ்ஷ்.

பின்னால் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்தான்.

“ஏலே, பஸ்ஸு பஞ்சருலே! எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!”

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அக்கா புதுச்சேலை கட்டியிருந்தார். பந்தல்குடியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாவை நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்து, பக்கத்தில் நின்றிருந்தார். கம்ப்யூட்டரில் எங்கொரலு வருது என்று சொல்லியே அந்த அம்மாவைப் பஸ்ஸேற்றிக் கூட்டி வந்திருந்தார். அக்காவும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. சம்பந்தியம்மா சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாக் குரலையும் சேர்த்துப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மேடையில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல அறையைப் பெருக்க வந்தார். இயந்திரத்தின் மேல் போர்த்திய துணியை உதறி மடித்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“சார், ஒண்ணு கேப்பேன், உள்ளதச் சொல்லணும்.”

“கேளுங்கக்கா.”

“நம்ம சத்தம் நமக்கு உள்ளருந்துதான கேக்குது. வெளிய நிக்கிறவுகளுக்கு எங்கொலவ அப்பிடித்தான் கேக்குமா? இத்தன வருசமாவா?”

நான் கோபத்துக்குத் தயாராக இருந்தேன். கோபப்பட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை, தன்னைச் சந்தேகித்தார். ரேஷன் கடைத் தராசை நம்பாத ஊர் அது. ஆனால் கம்ப்யூட்டர் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும், கூட்டாது குறைக்காது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லி வந்தவன் நான். ஜன்னலோரம் பெருக்கிக்கொண்டே அதை அவரும் கேட்டிருக்க வேண்டும்.

“அது அப்படித்தான்க்கா வரும், அதுல என்னன்னா...” என்று சில்லைப் பற்றி ஆரம்பித்தேன்.

“அப்பிடித்தானா” என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ‘அது நான் செய்தது, உங்கள் குரல் இல்லை’ என்கிற சின்ன வாக்கியம் என்னிடம் இருந்தது. பின்னாலேயே ஓடிச் சொல்லியிருக்கலாம். முதல் மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன்.

பங்குனியில் அவர் தெருவில் பாரி எடுத்தார்கள். கண்மாய்க் கரையில் போய் நின்றேன். வரிசையாகத் தலைகளில் பாரி ஏறிவிட்டது. மேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி நின்றார்கள். முதல் குலவைக்காக எல்லாம் காத்திருந்தது.

“ஏ, என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற? போடு.”

“தொண்ட கட்டிருக்கு. நீ போடு” என்றார் அக்கா.

“உனக்காடி தொண்ட கட்டுது? நான் போட்டா சாமி பாதி வழியில திரும்பிரும்.”

“வர்றவுக போடுங்கத்தா, வெயிலு ஏறுது.”

இளவட்டப் பெண்கள் சிலர் கூச்சத்தோடு ஆரம்பித்தார்கள். மேளம் எழுந்து அதை மூடிக்கொண்டது. பாரி நகர்ந்தது. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு, தலைமேல் பாரியை ஒரு கையால் பிடித்தபடி என்னைக் கடந்து போனார். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த வாரமே பாட்டைத் திருத்த உட்கார்ந்தேன். நாத்தனாரை எடுத்துவிட்டு, மூன்றாவது வாயைக் குலவைக்குக் கொடுத்து, உயரத்தை ஆட்டினேன், சத்தத்தை ஆட்டினேன். போலீஸ் விசில் வந்தது, அப்புறம் ஏதோ பறவை வந்தது, கடைசியில் குலவைக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். வாசற்படியைத் தாண்டவில்லை.

“இனிமே அதப் போடாதீக சார், கும்பிட்டுக்கிர்றேன். மகளுக்குக் கல்யாணம் வருது. அங்கிட்டு ஏற்கெனவே என்னயப் பஞ்சரு வீட்டுக்காரிங்கிறாக.”

மளிகைக்கடை வீட்டு மத்தியானச் சோறு மட்டும் எனக்கு வேளை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டைக்கு மாற்றலாகி வந்தேன். பாளையம்பட்டியில் வீடு. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழைய எண்களை அதில் ஏற்றப் பித்துப் பிடித்தது. அதற்குள் பாட்டுக் கோப்புகளில் பல தினுசு வந்துவிட்டன. ஒரு தினுசு, சில்லுக்கு அந்தந்தக் கணம் என்ன கட்டளை போனது என்று வார்த்தை மாறாமல் எழுதி வைக்கும். இன்னொன்று சுரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, வாத்தியத்தை வாசிக்கிற பெட்டியின் இஷ்டத்துக்கு விடும். மூன்றாவது, உண்மையான ஒலியில் ஒரு துணுக்கை வெட்டிக் கூடவே கட்டிக்கொண்டு போகும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றினேன், திரும்ப மாற்றினேன். ஒன்றில் குலவை ஜால்ராத் தட்டலாக ஆனது. மற்றொன்றுக்குப் பூஜ்ஜியம் என்றொரு வாய் இருப்பதே தெரியாது. அது குலவையைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டு மீதிப் பாட்டைச் சுத்தமாகப் பாடியது. பிழை என்று ஒரு வரிகூடத் திரையில் காட்டவில்லை. தனக்குப் புரியாததைத் தள்ளி வைக்க ஒவ்வொன்றிலும் ஒரு மூலை இருந்தது. முதல் மூலை என் கையால் ஒதுக்கியது.

மூன்றாவது தினுசுக்குத் துணுக்கு வேண்டுமே, நிஜக் குலவைக்கு எங்கே போவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது. அந்த அறையில், கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே, கேசட்டை ஓட்ட ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அதில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அக்கா கிழக்குப் பார்த்து நின்றபோது அதை அமுக்கியிருந்தால் போதும். அவர் குரல் வெளியே நிற்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதை அவருக்கே போட்டுக் காட்டியிருக்கலாம். எண்களின் போதையில் நான் அதைக் கோப்புப் பெட்டி என்றே நினைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து அக்காவே வீடு தேடி வந்தார், தட்டில் வெற்றிலை பாக்கோடு. பந்தல்குடியில் கட்டிக்கொடுத்த மகள், கல்யாணமாகி ரொம்ப வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இப்போது முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு.

“ஒங்ககிட்டப் படிச்ச பிள்ள சார், நீங்க வராம இருக்கக் கூடாது.”

“வாரேன்க்கா. டேப்பும் கொண்டு வாரேன். நீங்க கொலவ போடுங்க, பிடிச்சு உங்களுக்கே போட்டுக் காட்டுறேன். அன்னைக்கு அந்த மிசினு தப்பா...” நிறுத்தி, மறுபடி சொன்னேன். “மிசினு இல்லக்கா. நான்தான் உங்களைத் தப்பான இடத்துல வச்சேன்.”

“அடியாத்தி, இன்னுமா அதச் சுமந்துக்கிட்டுத் திரியிறீக?” சிரித்தார். போகும்போது வாசலில் திரும்பி, “நெசமாவே அதுல கேக்குமா சார், இருக்கிறபடியே?” என்றார்.

“இருக்கிறபடியே கேக்கும்.”

புதுக் கேசட் வாங்கினேன். துணிப்பையில் டேப்பை வைத்து, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கைந்து முறை சோதித்தேன். பந்தல்குடியில் பந்தலுக்கு வெளியே லாரிகள் உறுமிக்கொண்டு போயின. வயிறு தள்ளிய மகள் நாற்காலியில். சம்பந்தியம்மா முதல் வளையலைப் போட்டார். பொத்தானை அமுக்கினேன்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

“என்ன மதினி, வாயில கொழுக்கட்டையா? இதுக்குத்தான இத்தன வருசம் தவங் கெடந்தோம். போடுங்க” என்றார் சம்பந்தியம்மா. கேலி இல்லை, பிரியமாகத்தான் சொன்னார்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். கிழக்கே திரும்பினார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலவை போட்டார். துணிக்கு அந்தப் பக்கம் நாக்கு எவ்வளவு அலைந்ததோ தெரியாது, இந்தப் பக்கம் வந்தது மூச்சும் காற்றுமாக ஒன்று. மற்றப் பெண்கள் உடனே சேர்ந்துகொண்டு அதை மேலே தூக்கிப் போய்விட்டார்கள். மகள் குனிந்து வளையல்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். நல்ல காரியம் நல்லபடியாக நடந்தது.

பந்தியில் அக்காவே பரிமாற வந்தார். என் இலைக்கு முன் நின்றார்.

“பிடிச்சீகளா சார்? போடுங்க, கேப்பம்.”

சம்பந்தியம்மா இரண்டு இலை தள்ளி நின்றிருந்தார். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பினார்கள். பைக்குள் இருப்பது மறுபடி ஒரு ஷ்ஷ்ஷ்ஷ்தான் என்று எனக்குத் தெரியும். போட்டால் அந்த மைதானமே மறுபடி கேட்கும், இந்த முறை இருக்கிறபடியே.

“பேட்டரி தீந்துருச்சுக்கா” என்றேன்.

பைக்குள் சக்கரம் சுற்றும் மெல்லிய சத்தம் எனக்குக் கேட்டது. நிறுத்த மறந்திருந்தேன். அவ்வளவு பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

“ஒங்க மிசினுக்கு எப்பவுமே என்னயக் கண்டா ஆகாது சார்” என்று அக்கா சிரித்தார். கரண்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலை எடுத்து என் இலையில் வைத்தார். அப்புறம் இன்னொரு கரண்டி. போதும் என்று கையை மறிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் வைக்க வைக்கச் சாப்பிட்டேன்.